காத்திருந்த நாள்களின் கணக்கு

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றுக்குச் செல்லும் கரையோர வீதி காரைதீவில் மேற்கு நோக்கி ஒரு கிளை விடுகிறது. மாவடிப்பள்ளியையும் சம்மாந்துறையையும் தொட்டுக்கொண்டு வயல்வெளிகளின் நடுவே ஓடும் அந்தக் கிளை, இருபது கிலோமீற்றருக்கு மேல் சென்று அம்பாறை நகரை அடைகிறது. மட்டக்களப்பின் தென்பாகம் 1961இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது முதல், இக்கரையோர மக்களுக்குக் கச்சேரி என்பது அந்தச் சாலையின் மறுமுனையில் இருந்து வருகிறது. நெல்லும் மீனும் அச்சாலையிலே போயின, மனுக்களும் போயின. எத்தனை மூடை நெல், எத்தனை கூடை மீன் என்று வியாபாரிகள் கணக்கு வைத்திருப்பார்கள். மனுவோடு போனவன் பிழைப்பை விட்டு எத்தனை நாள் அலைந்தான் என்ற கணக்கை வைத்தவர் எவருமில்லை.

அந்தக் கணக்கைப் பற்றியே இக்கட்டுரை. தொழில் இழந்த ஒருவன் உதவி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறான். அதற்கு அங்கீகாரம் வரும்வரை அவன் எதை உண்பது? அங்கீகாரம் வருமுன் கிடைத்த கூலிக்கு அவன் போய்விட்டால், போகாமல் பட்டினி கிடந்த நாள்களுக்கு அவனுக்கு உரிமை உண்டா, இல்லையா? மிகச் சிறிய கேள்விகளாகத் தோன்றும் இவற்றுக்கு நாடுகள் அளித்த விடைகளைப் பார்த்தால், ஓர் அரசு தன் தொழிலாளியை எவ்வாறு எண்ணுகிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் இக்கரையின் பழைய ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்கிறார்கள். கோயிலும் பள்ளிவாசலும் வேறு வேறு, பருவம் ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று எழுந்ததும் கடல் கொந்தளிக்கத் தொடங்குகிறது. கரைவலையை மடித்து வைத்துவிட்டு மாசி பங்குனி வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே இழுவைத் தொழிலாளியின் விதி. வயலிலும் அப்படித்தான். பெரும்போகத்தின் விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையில் முல்லைக்காரனுக்குக் கையிருப்பு என்று ஒன்று இருப்பதில்லை. எனவே ஆண்டுதோறும், தவறாமல், நாள் குறித்தாற்போல வேலையின்மை வந்து போனது. எந்தச் சட்டமும் இதனை வேலையின்மை என்று அழைத்ததில்லை; காலநிலை என்றே அழைத்தார்கள்.

இந்த மாதங்களில் முல்லைக்காரனுக்கு நெல் அளந்தவர் போடியார். வலைத் தொழிலாளிக்கு முற்பணம் கொடுத்தவர் வலைக்குச் சொந்தமான முதலாளி. விண்ணப்பம் இல்லை, விசாரணை இல்லை, காத்திருப்பும் இல்லை. கேட்ட அன்றே கிடைத்தது. இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேசுவோர் உண்டு. ஆனால் களத்திலே நெல் குவிந்த நாளில், மாரியில் வாங்கியது முதலில் அளக்கப்பட்டது, மீதியே கூலியாயிற்று. கடன் தீராதவன் அடுத்த ஆண்டும் அதே வயலில், அதே வலையில் இழுத்தான். பட்டினி கிடந்த நாள்களை அந்த ஏற்பாடு மறக்கவில்லை என்பது உண்மை. அவற்றைத் தொழிலாளியின் பற்றாக அல்லாமல், அவன் செலுத்த வேண்டிய கடனாக எழுதி வைத்தது.

அரசு இந்தக் கணக்கில் தலையிட்டது எப்போது? நம் மொழி வழங்கும் நிலத்தில் அது பஞ்சத்தின் வழியாக வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது, பிரிட்டிஷ் அரசாங்கம் நிவாரண வேலைகளைத் திறந்தது. பசித்து வந்தவனுக்குச் சோறு போடுவதற்கு முன் அவன் உண்மையிலேயே பசித்தவனா என்று நிறுவவேண்டும் என்பது ஆட்சியாளரின் கொள்கை. தன் ஊரைவிட்டு வெளியேறித் தொலைவில் உள்ள முகாமில் கல் உடைக்கச் சம்மதிப்பவன்தான் மெய்யான வறியவன் என்று கொள்ளப்பட்டது. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள், உடல் உழைப்புச் செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையாளராயிருந்த மருத்துவர் கோர்னிஷ் அதை எதிர்த்து வாதாடியபின், மே மாதத்தில் அளவு கூட்டப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் செத்தவர்களுக்குத் திருத்தம் எதுவும் போய்ச் சேரவில்லை.

அதே ஆண்டுகளில் பாக்குநீரிணையைக் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோரின் தொகை பெருகிற்று. முகாமின் சோதனையைவிடக் கோப்பிக் காட்டின் சோதனை மேல் என்று எண்ணி வந்தவர்கள் அவர்கள். பரிசோதித்துப் பார்த்துக் கொடுக்கும் நிவாரணம் என்ற அந்த ஆங்கிலக் கருத்தும் இலங்கைக்கு வரவே செய்தது. வந்துசேரச் சற்றுக் காலம் பிடித்தது.

ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் என்ன செய்தார்கள் என்பதையும் நோக்க வேண்டும். லோயிட் ஜோர்ஜ் நிதியமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1911ஆம் ஆண்டுத் தேசியக் காப்புறுதிச் சட்டம், கட்டடம், கப்பல் கட்டுதல், பொறியியல் முதலிய சில தொழில்களைச் சேர்ந்த இருபத்திரண்டு இலட்சம் அளவிலான தொழிலாளரைக் கட்டாய வேலையின்மைக் காப்புறுதிக்குள் கொண்டுவந்தது. தொழிலாளியும் முதலாளியும் அரசும் பணம் செலுத்தினர். வேலை போனவனுக்கு வாரம் ஏழு சிலிங், ஆண்டில் பதினைந்து வாரம் வரை. முதற் கொடுப்பனவுகள் 1913 ஜனவரியில் வழங்கப்பட்டன. ஆனால் வேலை போன முதல் வாரத்துக்கு எதுவும் இல்லை. காத்திருப்பு வாரம் அந்நாட்டுச் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். ஓரிரு நாள் வேலையில்லாமற் போனவனெல்லாம் வந்து நின்றால் எழுத்தர்களால் தாங்க முடியாது என்பது ஒரு காரணம். அந்த ஒரு வாரத்தை ஏழை தானே தாங்கிக்கொள்வான் என்ற துணிபு மற்றொன்று. இரண்டாவது காரணத்தை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் வேலையின்மை மலைபோலக் குவிந்தபோது, 1921இல் இன்னொரு நிபந்தனை புகுந்தது. உதவி கேட்பவன் முழுநேர வேலையை மெய்யாகவே தேடுகிறான் என்பதை அவனே நிறுவ வேண்டும். இல்லாத வேலையை நாடி வாசல் வாசலாக நடந்து, நடந்ததற்குச் சாட்சியும் சேர்த்துக்கொண்டு வரும்படி மனிதரை ஏவிய அந்த நிபந்தனை 1930இல்தான் நீங்கியது. அடுத்த ஆண்டே, 1931இல், குடும்ப வருமானச் சோதனை வந்தது. மகன் செய்தித்தாள் விற்றுக் கொண்டுவந்த காசும் தந்தையின் உதவியிலிருந்து கழிக்கப்பட்டது. வால்டர் கிறீன்வுட் 1933இல் வெளியிட்ட நாவல் சால்ஃபோர்ட் நகரத் தொழிலாளர் குடும்பம் ஒன்று இந்த உதவித்தொகையின் கீழ் சிதைவதைக் காட்டி, அந்நாட்டு நடுத்தர வர்க்கத்தாரை முதன்முறையாக வெட்கப்பட வைத்தது.

ஒன்றை மறக்காமல் குறிப்பிட வேண்டும். இத்தனை கடுமைக்கு நடுவிலும் அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கம் ஒரு விதியைக் காப்பாற்றி வைத்திருந்தது. சில நாள் வேலை, சில நாள் வேலையின்மை என்று மாறி மாறி வாழ்பவனுக்கு, அருகருகே விழும் வேலையற்ற நாள்களை ஒன்றாகக் கோத்து ஒரே காலமாகக் கருதும் விதி அது. இடையில் இரண்டு நாள் கப்பல்துறையில் மூட்டை சுமந்தான் என்பதற்காக அவன் மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பதற்குச் சலிப்பான இந்தச் சின்ன விதியில்தான் நாம் தேடும் நீதி இருக்கிறது.

இப்போது நம் தீவுக்குத் திரும்புவோம். 1944இல் அமைக்கப்பட்ட சமூக சேவைகள் ஆணைக்குழு, சர் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் ஆராய்ந்து 1947இல் அறிக்கை வெளியிட்டது. வறியோர் நிவாரணத்தோடு வேலையின்மைக்கான பாதுகாப்பும் அதன் ஆராய்ச்சியில் அடங்கியிருந்தது. நாடு சுதந்திரம் பெற்றது. சமூக சேவைத் திணைக்களம் வந்தது. வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் வரவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உண்டாயிற்று. அது முதுமைக்கான சேமிப்பு. ஆண் ஐம்பத்தைந்திலும் பெண் ஐம்பதிலும் தொடக்கூடிய பணம் அது. நாற்பதில் ஆலை மூடப்பட்டவனுக்கு, பெட்டிக்குள் இருப்பதைக் கண்ணால் காணலாம். கையால் எடுப்பது அரிது.

1971 ஏப்ரலில் வேலையற்ற படித்த இளைஞரின் கிளர்ச்சி நாட்டை உலுக்கியது. அவ்வாண்டே வந்த 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தாபனத்தில் தொழிலாளியின் எழுத்துமூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அங்கீகாரமோ இன்றி எவரையும் ஆட்குறைப்புச் செய்யலாகாது என்றது. சற்று உற்றுப் பார்த்தால் இதில் ஒரு விந்தை உண்டு. பிற நாடுகளில் வேலை இழந்தவன் அங்கீகாரத்துக்குக் காத்திருந்தான். இங்கே வேலையை விட்டு நீக்க விரும்பும் முதலாளி அங்கீகாரத்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழிலாளிக்குச் சாதகமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு? கொழும்பின் ஆலைக்கும், தோட்டத்துக்கும், வங்கிக்கும். காரைதீவுக் கடற்கரையில் இருபது முப்பது பேர் ஒன்றாக வலை இழுத்தாலும் அவர்களுக்குள் நியமனக் கடிதம் பெற்றவன் ஒருவனும் இல்லை. பட்ட பாட்டுக்குப் பங்குதான் உண்டு. மருதமுனையில் நெசவாளி தன் வீட்டுத் தறியில் நெய்தான். நூல் வராத மாதத்தில் அவனை யார் ஆட்குறைப்புச் செய்தார்கள் என்று எந்த ஆணையாளரிடம் கேட்பது?

இவர்களுக்கும் ஒரு காப்பு இருந்தது. அதன் பெயர் கூப்பன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல் தொடங்கிய பங்கீட்டு முறை, போர் முடிந்த பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இத்தீவின் வயிற்றைக் காத்தது. கூப்பன் புத்தகம் வைத்திருந்தவர் எவராயினும் சங்கக்கடைக்குப் போய் மலிவு விலையில் அல்லது இலவசமாக அரிசி பெற்றார். அளவு கூடிக் குறைந்தது உண்டு, தரம் பற்றிய வசை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆயினும் அந்த அரிசியைப் பெற, வேலையில்லை என்று எவரும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. நேற்றுக் கடலுக்குப் போனதால் இன்று அரிசி வெட்டப்படவில்லை. பொருளியலாளர் அதை உணவு மானியம் என்ற தலைப்பில் எழுதினர். கூலி உழைப்பாளிக்கு அது உண்மையில் வேலையின்மை உதவியே. காத்திருப்பு வாரம் இல்லாத உதவி.

அதன் அருமையை மக்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்கு 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் சாட்சி. கொத்து இருபத்தைந்து சதமாயிருந்த பங்கீட்டு அரிசியின் விலையை எழுபது சதமாக உயர்த்தியதும் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி விலகினார். அந்த விலையுயர்வைக் கொண்டுவந்த நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து அவரது தலைமையிலேயே ஆட்சிக்கு வந்த அரசாங்கம், 1978இல் பங்கீட்டை மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1979 செப்டெம்பரில் பங்கீடே ஒழிந்து உணவு முத்திரை வந்தது. இம்முறை ஹர்த்தால் நடக்கவில்லை.

இலங்கை ஏழையின் வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம் என்பேன். அன்றுவரை அரிசி வாங்கப் புத்தகம் போதும். அன்றிலிருந்து விண்ணப்பம் வேண்டும். தன் வருமானம் இவ்வளவு என்று ஒருவன் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை இன்னொருவர் நம்ப வேண்டும். பங்குனியில் ஒரு வருமானமும் மார்கழியில் ஒரு வருமானமும் உள்ள வலைத் தொழிலாளி எந்த மாதத்தின் வருமானத்தை எழுதுவான்? படிவத்தில் மாத வருமானம் என்று ஒரே ஒரு கட்டந்தான் இருக்கும். 1980க்குப் பின் புதிய பெயர்களைச் சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. ஆக, அதன் பின் தொழில் இழந்தவன் காத்திருந்தாலும் பயனில்லை. காத்திருப்பதற்கு வரிசையே இல்லை. 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்று திட்டங்கள் பெயர் மாறி வந்தன. விண்ணப்பம் நிலைத்துவிட்டது.

இந்தக் கரையில் அந்த விண்ணப்பத்தின் மெய்யான சோதனை 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை வந்தது. ஆழிப்பேரலையில் இலங்கை இழந்த முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்தில் போயின. வேறெந்த மாவட்டத்திலும் அத்தனை இல்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் ஒரே காலையில் அழிந்தது. நாட்டின் மீன்பிடிக் கலங்களில் நான்கில் மூன்று பங்கு சேதமுற்றது அல்லது அழிந்தது. தோணி போயிற்று, வலை போயிற்று, தறி போயிற்று. வேலையின்மை என்ற சொல்லை அறியாத ஊர்கள் ஒரு மணி நேரத்தில் முழுமையாக வேலையற்றுப் போயின.

அரசாங்கம் பல உதவிகளை அறிவித்தது. ஆளொருவருக்கு வாரம் 375 ரூபா. அதில் 200 ரூபா பணம், 175 ரூபா உலர் உணவுப் பொருள். மீண்டும் சங்கக்கடை வாசலில் வரிசை நின்றது. முதியவர்களுக்குப் பழைய கூப்பன் காலம் நினைவுக்கு வந்திருக்கும். இதற்கு மேல், பிழைப்பை இழந்த குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா, நான்கு தவணைகளில். இத்தீவு கண்டவற்றுள் வேலையின்மை உதவி என்ற பெயருக்கு மிக அண்மையில் வந்தது இந்த ஐயாயிரம் ரூபாவே. எனவே அதன் கதையைச் சற்று விரித்துப் பார்க்கலாம்.

முதலிரு தவணைகள் ஒப்புநோக்கில் தாராளமாகவே கொடுக்கப்பட்டன. அழிவு கண்ணுக்கு முன்னால் கிடந்தது. கேள்வி கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. பின்னிரு தவணைகளுக்கு முன் பட்டியல்கள் மறுபடி சலிக்கப்பட்டன. யார் மெய்யாகப் பிழைப்பை இழந்தவர், யார் நிலையான சம்பளம் பெறுபவர், ஒரு வீட்டில் இரு குடும்பம் என்று எழுதியவர் யார் என்ற விசாரணை நடந்தது. மாதக் கொடுப்பனவு என்று பெயர் பெற்றது மாதந்தோறும் வரவில்லை. முன்பு பெற்ற பலர் பின்பு பெறவில்லை. விசாரணையே வேண்டாம் என்று நான் வாதிக்க வரவில்லை. பட்டியலில் பொய்ப்பெயர்கள் நுழைந்ததை ஊரார் எல்லோரும் அறிவர். அப்பெயர்கள் ஏழைகளின் பெயர்களாய் இருந்தது குறைவு என்பதையும் அறிவர். கிராம சேவை உத்தியோகத்தரை ஏசுவதிலும் பயனில்லை. ஏடுகள் கடலோடு போன அலுவலகத்தில், தாமும் உறவை இழந்த நிலையில், அவர்களில் பலர் அப்பட்டியல்களை எழுதினார்கள்.

விசாரணை நடந்த காலம் எது என்பதே என் கேள்வி. மாசி போய்ப் பங்குனி வந்தது. வாடை ஓய்ந்து கடல் அமைதியுற்றது. தொண்டு நிறுவனங்கள் இடிபாடுகளை அகற்றுவதற்கு நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு ரூபா அளவில் கூலி கொடுத்தன. எங்கிருந்தோ தருமமாக வந்த தோணிகள் கரையில் இறங்கின. சில வலை இல்லாமல் வந்தன, சில இயந்திரம் இல்லாமல் வந்தன. இந்த நேரத்தில் ஒரு வலைத் தொழிலாளி என்ன செய்வான்? இடிபாடு அள்ளப் போனால் கையில் அன்றாடம் காசு. ஆனால் போவதை ஒருவர் பார்த்து, இவனுக்குத் தொழில் இருக்கிறது என்று எழுதிவிட்டால் மூன்றாம் தவணை? போகாமல் முகாமில் உட்கார்ந்திருந்தால், வந்து பார்த்த அயல்நாட்டார் இம்மக்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று எழுதினார்கள். வேலை செய்தால் பொய்யன், செய்யாவிட்டால் சோம்பேறி. இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் அவன் நிற்பதற்கு ஒரு சாண் நிலமும் விடப்படவில்லை.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. இக்கரையில் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடு மகளுக்கே சீதனமாகப் போவது வழக்கம். வீட்டுக்காரி என்பவள் சொல்லளவில் மட்டும் வீட்டுக்காரி அல்லள். ஆனால் படிவம் குடும்பத் தலைவரைக் கேட்டது. தலைவர் என்றால் கணவன். பாய் இழைத்தும், இடியப்பம் அவித்தும், மாசி உலர்த்தி விற்றும் வந்த வருமானம் போனதை எழுதுவதற்கு அப்படிவத்தில் இடமே இருக்கவில்லை. இழந்ததாகப் பதியப்படாத தொழிலுக்கு மீண்டும் திரும்பியதாகவும் பதிய முடியாதல்லவா?

காரைதீவு விபுலானந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். அங்கே பெயர்பெற்ற கண்ணகை அம்மன் கோயில் உண்டு. வைகாசியில் சடங்கு நடக்கும்போது கண்ணகி வழக்குரை படிக்கும் மரபு கீழ்மாகாணக் கோயில்களுக்கெல்லாம் பொதுவானது. கையில் சிலம்போடு அரண்மனை வாயிலில் நின்ற பெண்ணின் கதை அது. வாயில்காப்போன் ஓடிச்சென்று சொல்கிறான். அரசன் அவளை உடனே உள்ளே அழைக்கிறான். பாண்டியன் ஆராயாமல் கொலை செய்வித்தவன்தான். ஆயினும் மனுவோடு வந்தவளை நாளைக்கு வா என்று அனுப்பவில்லை. இதை அக்கோயில் வாசலில் நின்று நினைக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

பட்டினியின் நாளை எண்ணும் விதி எங்கும் இல்லாத கற்பனையா? இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952இல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புப் பற்றிய 102ஆம் இலக்க உடன்படிக்கை, காத்திருப்புக் காலம் முதல் ஏழு நாளுக்கு மேற்படலாகாது என்கிறது. அத்தோடு நிற்காமல், இடையில் குறுகிய காலத் தற்காலிக வேலை கிடைத்திருந்தால், அதற்கு முன்னுள்ள வேலையற்ற நாள்களையும் பின்னுள்ளவற்றையும் சேர்த்து ஒரே இழப்பாகக் கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. கப்பல்துறைத் தொழிலாளி போராடிப் பெற்ற பழைய விதியே உலக விதியாகி அங்கே நிற்கிறது. இடிபாடு அள்ளிய பத்து நாள், அள்ளாத நாற்பது நாளின் உரிமையை அழிக்காது என்பதே இதன் பொருள்.

அண்டை நாடான இந்தியா 2018இல் தொழிலாளர் அரசுக் காப்புறுதிக் கழகத்தின் கீழ் அடல் பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வேலை இழந்த காப்புறுதியாளருக்குச் சராசரி ஊதியத்தின் கால்பங்கு, தொண்ணூறு நாளுக்கு. ஆனால் வேலை போய்த் தொண்ணூறு நாள் கழித்தே கேட்கலாம் என்றும், பழைய முதலாளியின் வழியாகவே கேட்க வேண்டும் என்றும் இருந்தது. துரத்தியவரிடமே துரத்தினார் என்று எழுதி வாங்கிவரச் சொன்ன விதி! கொரோனாத் தொற்று நாட்டையே முடக்கிய 2020இல் கால்பங்கு அரைப்பங்காயிற்று. தொண்ணூறு நாள் முப்பதாயிற்று. தொழிலாளி நேரே விண்ணப்பிக்கலாம் என்றும் ஆயிற்று. இத்தனை குறைகள் இருந்த திட்டத்திலும் ஒரு நல்ல வரி உண்டு. கேட்கும் காலத்துக்கு நடுவில் ஒருவனுக்கு வேலை கிடைத்துவிட்டால், வேலை போன நாளிலிருந்து மறு வேலையில் சேர்ந்த நாள்வரை அவனுக்குரியது கொடுக்கப்பட வேண்டும் என்பது அது. வேலைக்குத் திரும்பியதைக் குற்றமாக அன்றி, இழப்பு முடிந்த தேதியாக மட்டும் அது பார்க்கிறது.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னொரு வழியில் போயிற்று. வேலை கேட்டவனுக்குப் பதினைந்து நாளில் வேலை தராவிட்டால் வேலையின்மைப் படி தரவேண்டும். முதல் முப்பது நாள் கூலியில் கால்பங்குக்குக் குறையாமல், பின் அரைப்பங்குக்குக் குறையாமல் என்றது. தாமதத்தின் விலையை மாநில அரசின் தலையில் கட்டிய சட்டம் அது. ஏட்டிலே அது அருமையான வரி. நடைமுறையில் அந்தப் படியைக் கையில் வாங்கியவர் மிகச் சிலர். மனு கொடுத்த தேதியை எழுதிய பற்றுச்சீட்டைக் கொடுக்காமல் விட்டால் பதினைந்து நாள் என்றைக்குத் தொடங்கும்? தேதியை மறைத்தால் உரிமையையே மறைத்துவிடலாம் என்பதை எல்லா நாட்டு அலுவலகங்களும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொள்கின்றன. வேலையின்மைக் காப்புறுதியை முதலில் கட்டிய நாடுகளுள் ஒன்றான பிரிட்டனே, நூறாண்டு கழித்து 2013இல் பல உதவிகளை ஒன்றாக்கிய புதிய முறையைத் தொடங்கி, பின்னர் முதற் பணம் கைக்கு வர ஆறு வாரம் ஆகும்படி செய்தது. எதிர்ப்பு எழுந்தபின் 2018இல் ஐந்து வாரமாகியது. அதற்குள் தாங்காதவனுக்கு முற்பணம் உண்டு; பின்னர் வரும் உதவியில் கழித்துக்கொள்வார்கள். போடியாரின் நெல்லைப் பற்றிச் சொன்னேனே, அதுவேதான்.

இலங்கையில் 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஊரடங்கினால் முடங்கிய குடும்பங்களுக்கு மறுபடியும் ஐயாயிரம் ரூபா வழங்கப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த அதே ஐயாயிரம். அதனால் வாங்கக்கூடிய அரிசி மட்டும் அதே அளவில்லை. பெற்றோரின் பட்டியலில் சமுர்த்தி பெறுவோரோடு, சமுர்த்திக்காகக் காத்திருப்போர் என்றும் ஒரு பகுதி இருந்தது. காத்திருப்பு என்பது ஏழையின் நிலைமையாக இருந்தது போய், அரசாங்க ஏட்டில் அவனுடைய வகையாகவே ஆகிவிட்டது.

2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. எரிபொருள் இல்லாமல் இயந்திரத் தோணிகள் கரையில் கிடந்தன. அதே ஆண்டில் அஸ்வெசும என்ற புதிய நலன்புரித் திட்டத்துக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. வீடு வீடாகக் கணக்கெடுத்து, 2023 ஜூனில் பெயர்ப்பட்டியல் வெளியாயிற்று. பெயர் வராதோர் மேன்முறையீடு செய்யலாம்; பெயர் வந்தோர் மீது பிறர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. அயலவன் அயலவனைப் பற்றி எழுதிக் கொடுக்க அரசாங்கமே படிவம் கொடுத்தது. முதற் கொடுப்பனவு ஆகஸ்டில் வந்தது.

இந்தக் கரையிலிருந்து அத்தேதிகளை மீண்டும் பார்க்க வேண்டும். விண்ணப்பங்கள் ஏற்கப்பட்ட கடைசி நாள்கள் ஐப்பசியில் வந்தன. வலை மடிக்கத் தொடங்கும் காலம் அது. பட்டியல் வெளியான ஆனி மாதத்திலோ கடல் அமைதியாக இருந்தது. கிடைத்த எரிபொருளை ஊற்றிக்கொண்டு தோணிகள் போய்வந்தன. எழுதிக் கொடுத்தபோது அவன் உண்மையே எழுதினான். பட்டியல் ஒட்டப்பட்ட காலையில் அவன் பிரதேச செயலக வாசலில் நிற்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே கடலுக்குப் போயிருந்தான்.